முகம் ஒன்று, குணம் வேறு

மாடம்பாக்கத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். தேனுபுரீஸ்வரர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ஆறு பேர் கொண்ட குடும்பம். போன்கள் மட்டும் ஏழு. மேஜை டிராயரை இழுத்தால் பதினொரு சார்ஜர் ஒயர்கள் வெந்த சேமியாவைப் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றனவாம்.

"எல்லாம் டைப்-சிதான். பார்த்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் ஒன்றைப் போட்டால் போன் ஒரு மணி நேரத்தில் நிரம்புகிறது. இன்னொன்றைப் போட்டால் விடிய விடிய ஆகிறது. என் பெண்ணின் லாப்டாப்பில் எதைச் சொருகினாலும் 'சார்ஜ் மெதுவாக ஏறுகிறது' என்று திரையில் எழுத்து வருகிறது. இதெல்லாம் போகட்டும். என் மாமியார் காலமாகி ஏழு மாதம் ஆகிறது. கடைசி வருஷத்தில் பேரனுக்குச் சுலோகம் சொல்லிக் கொடுத்தது, எனக்கு மாவடு போடக் கற்றுக் கொடுத்தது எல்லாம் என் பழைய போனில் வீடியோவாக இருக்கின்றன. நூறு ஜி.பி.க்கு மேல் இருக்கும். அந்தப் போனின் திரையில் இப்போது பச்சைக் கோடு விழுந்துவிட்டது. என்றைக்குக் கண்ணை மூடுமோ தெரியவில்லை. லாப்டாப்புக்கு மாற்றலாம் என்று ஒயரைச் சொருகினால், சார்ஜ் ஏறுகிறதே தவிர ஒரு படம்கூட வரவில்லை. கேம்ப் ரோடு கடையில் 240 வாட், 40 ஜிகாபிட் என்று ஒன்றை எடுத்துக் காட்டி, ஆயிரத்து நானூறு ரூபாய் என்கிறார்கள். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் வந்துவிடுமாம். வாங்கட்டுமா?"

வாங்க வேண்டாம் அம்மா. ஏன் என்று சொல்கிறேன். இதே குழப்பம் மாடம்பாக்கத்தில் மட்டுமல்ல, சேலையூரிலும் மயிலாப்பூரிலும் இருக்கிறது என்பதால் எல்லோருமே கேட்கலாம்.

நம்மில் பலருக்குப் பழைய கதை நினைவிருக்கும். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் இறங்கியதும், "உங்களிடம் நோக்கியா சின்னப் பின் இருக்கிறதா?" என்று மண்டபம் முழுவதும் கேட்டுக்கொண்டு திரிவோம். ஒரு போனுக்கு உருண்டைப் பின், இன்னொன்றுக்குத் தட்டைப் பின், ஆப்பிளுக்குத் தனிப் பின். இந்த அவஸ்தைக்கு முடிவு கட்டத்தான் 2014-ஆம் வருஷம் டைப்-சி என்ற பொதுப் பின் வந்தது. மேல் கீழ் பார்க்காமல் எப்படிச் சொருகினாலும் போகும். இருட்டில்கூடத் தடுமாற வேண்டாம். ஐரோப்பிய யூனியன், அங்கே விற்கும் போன்களுக்கெல்லாம் இதுவே இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பர் 28 முதல் சட்டமாக்கிவிட்டது. வீணாகிற சார்ஜர்கள் வருஷத்துக்கு 11,000 டன் குப்பையாகின்றன என்பது அவர்கள் போட்ட கணக்கு. நம் நாட்டில் இந்தியத் தரநிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ். 2023 ஜனவரியில் இதற்கான தரநிலையை வெளியிட்டது. பிடிவாதமாகத் தனிப் பின் வைத்திருந்த ஆப்பிளும் அதே வருஷம் செப்டம்பரில், ஐபோன் 15-இல் வழிக்கு வந்தது. அந்தப் போன்களில் ஒரு பகுதி, தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் போய்விடக் கூடிய நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே தயாரானது.

ஆக, முகம் ஒன்றாகிவிட்டது. அதோடு கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தோம். பின்னின் உருவத்தைத்தான் பொதுவாக்கினார்களே தவிர, ஒயருக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதில் பல ரகங்களை அனுமதித்துவிட்டார்கள். பழைய நாளில் பின் பொருந்தவில்லை என்றால் உடனே தெரிந்தது. இப்போது எல்லாம் பொருந்துகிறது. எது வேலை செய்யும் என்பதுதான் தெரியவில்லை!

உள்ளே என்னதான் இருக்கிறது? டைப்-சி பின்னில் 24 இணைப்புகளுக்கு இடம் உண்டு. அத்தனைக்கும் கம்பி இழுத்தால் விலை ஏறும், ஒயர் தடிக்கும். ஆகவே சாதாரண ஒயரில் நாலைந்து கம்பிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: மின்சாரம் போக வர இரண்டு, தகவலுக்கு இரண்டு, இரு பக்கமும் பேசிக்கொள்ள ஒன்று. அதிவேக ரகத்தில் பதினைந்து போல இருக்கும். மலிவு ரகத்தில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டும் இருப்பதும் உண்டு. டார்ச் விளக்கு, கையடக்க விசிறி, தாடி மழிக்கும் கருவி இவற்றோடு இலவசமாக வருகிற குட்டை ஒயர்கள் பெரும்பாலும் இந்த ஜாதி. அவற்றில் சார்ஜ் ஏறும், படம் ஏறாது. போவதற்குக் கம்பியே இல்லாதபோது படம் எந்த வழியாகப் போகும்?

கம்பியின் கனமும் ஒரு விஷயம். பருத்திப் புடவை வாங்கும்போது 80-ஆம் நம்பர் நூல், 100-ஆம் நம்பர் நூல் என்று கேட்கிறோம் அல்லவா? நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. தாமிரக் கம்பிக்கும் அதே கணக்குதான். 28 நம்பர் கம்பி மெல்லியது, 22 அதைவிடத் தடிமன். புடவைக்கு மெல்லிய நூல் பெருமை; ஒயருக்குத் தடித்த கம்பிதான் பெருமை. கம்பி மெலிந்து ஒயரும் நீண்டுவிட்டால், மின்சாரம் வழியிலேயே கொஞ்சம் சூடாகிக் கரைந்துவிடும். கட்டிலில் படுத்துக்கொண்டு போன் பார்க்க வேண்டும் என்று மூன்று மீட்டர் ஒயரை மலிவாக வாங்கியவர்கள், "சார்ஜ் ஏறவே மாட்டேன் என்கிறது" என்று அலுத்துக்கொள்வதன் காரணம் இதுதான். மேலே சுற்றியிருக்கும் பின்னல் துணியைப் பார்த்து மயங்க வேண்டாம். அது ஒயர் சீக்கிரம் பிய்ந்துபோகாமல் காக்கும்; உள்ளே இருக்கும் கம்பி எத்தனை என்று சொல்லாது.

இனி வாட் கணக்கு. பயப்பட வேண்டாம், தாம்பரத்துக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. அப்போது தலைக்கு மேல் போன கம்பியில் 1,500 வோல்ட். 1960-களில் அதை 25,000 வோல்ட்டாக மாற்றினார்கள். ஏன் தெரியுமா? வோல்ட்டை உயர்த்தினால், அதே வேலைக்குக் கம்பியில் ஓட வேண்டிய ஆம்பியர் குறைகிறது. கம்பி தடியாக இருக்க வேண்டிய அவசியமும் குறைகிறது. நம் வீட்டுச் சார்ஜரும் அந்த யுக்தியைத்தான் செய்கிறது. சாதாரணமாக 5 வோல்ட் கொடுக்கும். லாப்டாப்புக்கு 60 வாட் வேண்டும் என்றால் 5 வோல்ட்டில் 12 ஆம்பியர் ஓட வேண்டும். இந்த மெல்லிய ஒயர் தாங்குமா? அதனால் 20 வோல்ட்டுக்கு ஏறிக்கொண்டு 3 ஆம்பியரில் காரியத்தை முடிக்கிறது.

இப்படி ஏறுவதற்கு முன்னால் சார்ஜரும் போனும் ஒயர் வழியாக ஒரு பேச்சுவார்த்தை நடத்துகின்றன. "உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?" "எனக்கு இவ்வளவு போதும்." சம்பந்தி வீட்டார் பேசி முடித்த பிறகுதான் சீர்வரிசை கிளம்பும். சரியான டைப்-சி ஒயர் எதுவானாலும் 3 ஆம்பியர் வரை தாங்கும். அதாவது உச்சம் 60 வாட். அதற்கு மேல் 5 ஆம்பியர் வேண்டுமென்றால் ஒயரின் தலைக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்க வேண்டும். இ-மார்க்கர் என்று பெயர். "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று அது ஜாமீன் சொன்னால்தான் சார்ஜர் கையைத் தாராளமாகத் திறக்கும். அந்த வகையில் 100 வாட் வரை போகலாம். 2021-இல் வந்த புது விதிப்படி 48 வோல்ட் வரை உயர்ந்து 240 வாட்டும் போகலாம்.

மாடம்பாக்கத்துப் பெண்ணின் லாப்டாப் ஏன் முணுமுணுக்கிறது என்பதற்கு இங்கே விடை கிடைக்கிறது. இப்போது வருகிற லாப்டாப் சார்ஜர்களில் பல 65 வாட். அது 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர். 60 வாட் ஒயர் அதற்குக் கால் ஆம்பியர் குறைச்சல்! போனுடன் வந்த ஒயரை எடுத்து லாப்டாப்புக்குப் போட்டால், சார்ஜர் தன் பலத்தை அடக்கிக்கொள்கிறது; லாப்டாப் புகார் எழுதுகிறது. (எல்லா லாப்டாப்புகளின் டைப்-சி துளையும் சார்ஜ் ஏற்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலவற்றுக்கு உருண்டைப் பின்னே கதி.)

இன்னொரு விநோதம். சாம்சங்கின் பெரிய போன்கள் சிலவற்றுக்கு 45 வாட் சார்ஜர் விற்கிறார்கள். 45 தானே, 60 வாட் ஒயர் போதுமே என்று தோன்றும். போதாது. அந்தப் போன் தாழ்ந்த வோல்ட்டில் 4.5 ஆம்பியர் கேட்கும் பேர்வழி. ஆகவே 5 ஆம்பியர் ஒயர் இல்லாமல் முழு வேகம் வராது. ஒன்பிளஸ், ஓப்போ, ரியல்மி போன்களோ இன்னும் சலுகை கேட்பவை. தங்கள் வீட்டுச் சார்ஜரும் தங்கள் வீட்டு ஒயரும் சேர்ந்தால்தான் பெட்டியில் போட்ட வேகத்தில் ஏறும். பிறர் ஒயரில் சாதாரண வேகம்தான். அந்தப் போன் வைத்திருப்பவர்கள் பெட்டியோடு வந்த ஒயரைக் கண்ணாகக் காப்பாற்றுங்கள். மைத்துனர் ஊருக்குப் போகும்போது "அவசரத்துக்கு" எடுத்துக்கொண்டு போவது அதைத்தான்.

இப்போது அந்தச் சகோதரியின் வீடியோக்களுக்கு வருவோம். எனக்கு அதுதான் முக்கியம். சார்ஜ் ஒரு மணி நேரம் தாமதமானால் என்ன குடி முழுகிவிடும்? போனவர்களின் குரல் போய்விட்டால் திரும்பி வராது.

முதலில் ஒயர் மேல் பழி போடாமல் ஒரு காரியம் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு போனை லாப்டாப்பில் சொருகியதும், திருடன் கைக்குப் போகக் கூடாதே என்று அது "சார்ஜ் மட்டும்" என்ற நிலையில் நிற்கும். போனின் பூட்டைத் திறந்து, திரையை மேலிருந்து கீழே இழுத்தால் யூ.எஸ்.பி. என்று ஒரு வரி தெரியும். அதைத் தொட்டு, கோப்பு மாற்றம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதிப் பேரின் குறை இதிலேயே தீர்ந்துவிடும். அந்த வரியே வரவில்லை என்றால், போனின் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். கைப்பையிலும் சட்டைப் பையிலும் கிடக்கிற போனின் துளைக்குள் பஞ்சு அடைத்துக்கொள்வது சகஜம். போனை அணைத்துவிட்டு மரத்தாலான பல் குத்தும் குச்சியால் மெதுவாக எடுத்தால் போதும். ஊசி, ஹேர்பின் கூடாது. அதற்கும் மசியவில்லை என்றால் ஒயரில் தகவல் கம்பி இல்லை என்று அர்த்தம். வேறு ஒயர் வேண்டும்.

எந்த ஒயர்? தகவல் வேகத்தை விநாடிக்கு இத்தனை மெகாபிட், ஜிகாபிட் என்று குறிப்பிடுகிறார்கள். ஆரம்ப ரகம் 480 மெகாபிட். அதற்கு மேல் 5, 10, 20, 40, 80 ஜிகாபிட் என்று ஏணிப்படி. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தை அனுப்புகிற போனுக்கும் அந்த வேகம் இருக்க வேண்டுமே! சாதாரண விலைப் போன்களில் பெரும்பாலானவற்றுக்கு 480 மெகாபிட்டோடு சரி. ஐபோன் 15, ஐபோன் 16 என்று எண்பதாயிரம் கொடுத்து வாங்கியவற்றுக்கும் அதே 480-தான். புரோ ரகத்துக்குத்தான் 10 ஜிகாபிட். அந்தப் புரோ போனின் பெட்டியில் ஆப்பிள் வைத்திருக்கும் ஒயரோ 480 ரகம். வேகம் வேண்டுமானால் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். பெரிய மனிதர்கள் வீட்டு விருந்தில் நெய்யை மட்டும் வெளியே வாங்கிக்கொள்ளச் சொன்ன மாதிரி இருக்கிறது.

மாடம்பாக்கம் சகோதரியின் பழைய போன் சாதாரண விலைப் போன் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அதற்கு 40 ஜிகாபிட் ஒயர் போட்டாலும் ஒரு நிமிஷம்கூட மிச்சமாகாது. நேர்மையான 480 மெகாபிட் ஒயரில் விநாடிக்கு முப்பத்தைந்து, நாற்பது எம்.பி. வரை போகும். நூறு ஜி.பி. மாற முக்கால் மணி நேரம் போல ஆகும். ரசம் கொதித்து, அப்பளம் பொரித்து, சாப்பாடு முடிவதற்குள் எல்லாம் லாப்டாப்பில் வந்திருக்கும். மாற்றியதும் உடனே போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். நாலு வீடியோவைத் திறந்து கடைசி வரை ஓடுகிறதா என்று பாருங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ இன்னொரு பிரதி எடுத்து வேறு வீட்டில், தங்கை வீட்டிலோ மகன் வீட்டிலோ, கொடுத்து வையுங்கள். பச்சைக் கோடு விழுந்த போனுக்கு நாள் பார்க்க வேண்டாம். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் செய்யுங்கள்.

அதிவேக ஒயர் யாருக்குத்தான் வேண்டும் என்று கேட்பீர்கள். வெளி எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் கல்யாண வீடியோக்களை ஏற்றி இறக்குகிற புகைப்படக்காரர். புரோ ரகப் போனில் படம் பிடித்து யூடியூபில் சமையல் போடுகிற பெண்மணி. லாப்டாப்பை ஒரே ஒயரில் பெரிய திரையோடு இணைத்து வீட்டிலிருந்தே ஆபீஸ் பார்க்கிறவர். இவர்களுக்கு 10 ஜிகாபிட்டாவது வேண்டும், நூறு ஜி.பி. சில நிமிஷங்களில் மாறிவிடும். அந்த ரகம் நீளமாக இருக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 10 ஜிகாபிட்டுக்கு ஒரு மீட்டர் போல. 40 ஜிகாபிட்டுக்குச் சாதாரண ஒயரானால் 0.8 மீட்டர். இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்கு 40 ஜிகாபிட் என்று மலிவு விலையில் யாராவது கொடுத்தால் சந்தேகப்படுங்கள்.

வாட் அதிகமென்றால் வேகமும் அதிகம் என்று கடைகளில் அடித்துச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆப்பிள் விற்கிற 240 வாட் ஒயர் ஒன்று இருக்கிறது. இரண்டு மீட்டர் நீளம், சார்ஜுக்கு அருமையானது. தகவல் வேகம்? அதே பழைய 480 மெகாபிட். ஆகவே கடையில் இரண்டு கேள்வியையும் தனித்தனியாகக் கேளுங்கள்: எத்தனை வாட்? எத்தனை ஜிகாபிட்? ஒன்றுக்கு மட்டும் பதில் பெட்டியில் அச்சாகியிருந்தால், மற்றது மட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். 'ஃபாஸ்ட்', 'சூப்பர்', 'டர்போ' என்ற வார்த்தைகளுக்கு அர்த்தமே கிடையாது. பலகாரக் கடையில் 'ஸ்பெஷல்' என்று எழுதுவதைப் போலத்தான். யூ.எஸ்.பி. சங்கத்தின் சோதனையில் தேறிய ஒயர்களில் 60 வாட் அல்லது 240 வாட் என்றும், வேக ரகமானால் 20, 40, 80 ஜிகாபிட் என்றும் சின்ன முத்திரை இருக்கும். 240 வாட் ஒயர் வாங்கினால் போன் வெடித்துவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். ஒயரில் எழுதியிருப்பது அது தாங்கக் கூடிய உச்சம். போன் கேட்பதைத்தான் சார்ஜர் கொடுக்கும்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. கூகுள் கம்பெனியின் எஞ்சினீயர் பென்சன் லியூங் என்பவர், 2015-இல் அமேசானில் விற்கும் டைப்-சி ஒயர்களைச் சொந்தக் காசில் வாங்கி ஒவ்வொன்றாகச் சோதித்துக் குறை நிறை எழுத ஆரம்பித்தார். 2016 பிப்ரவரியில் ஒரு ஒயரைச் சொருகியதும் அவருடைய லாப்டாப்பே பழுதாகிவிட்டது. சோதனைக் கருவிகளும் போயின. திறந்து பார்த்தால், உள்ளே கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்திருந்தார்கள். அடுத்த மாதமே, விதிக்கு உட்படாத டைப்-சி ஒயர்களை விற்கக் கூடாது என்று அமேசான் தடை போட்டது. படித்த எஞ்சினீயருக்கே வெளியிலிருந்து பார்த்தால் தெரியவில்லை, நமக்குத் தெரியுமா? அதனால்தான் ரயில் நிலைய வாசலில் குவித்துப் போட்டிருக்கும் பெயரில்லாத ஒயரை வாங்காதீர்கள் என்கிறேன். பெயர் தெரிந்த கம்பெனி, பில், மாற்றிக் கொடுக்கும் உறுதி மூன்றும் இருக்கட்டும். சண்முகம் சாலையில் வாங்கினாலும் ரிச்சி தெருவில் வாங்கினாலும் இதையே கேளுங்கள். சார்ஜரிலும் பவர் பேங்கிலும் பி.ஐ.எஸ். பதிவு எண் 'ஆர்' என்று ஆரம்பிக்கும், பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். சொருகியிருக்கும்போது ஒயரின் தலை கை சுடும்படி காய்ந்தால் உடனே எடுத்துக் குப்பையில் போடுங்கள். "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்ற சிக்கனம் வேண்டாம். தலையணைக்கு அடியில் சார்ஜ் போட்டுக்கொண்டு தூங்குகிற பிள்ளைகளையும் ஒரு அதட்டல் போடுங்கள்.

பஸ் நிலையத்திலும் விமான நிலையத்திலும் இலவசமாகச் சார்ஜ் போடும் துளைகள் வைத்திருக்கிறார்களே, அவற்றில் ஜாக்கிரதை. அந்த வழியாகப் போனிலிருக்கும் தகவலைத் திருடும் வித்தையைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2022-இல் வெளியிட்ட கையேட்டில் எச்சரித்திருக்கிறது. வெளியூர் போகும்போது உங்கள் சார்ஜரைச் சுவர் பிளக்கில் போட்டுக்கொள்ளுங்கள். அது இயலாதபோது, தகவல் கம்பி இல்லாத ஒயர் இருக்கிறதே, டிராயரில் உபயோகமற்றுக் கிடந்ததே, அது நல்ல காவலாளி!

அதைத் தூக்கி எறிய வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலிவான கையடக்க விசிறி, டார்ச் போன்றவற்றை இரு பக்கமும் டைப்-சி உள்ள புது ஒயரில் போட்டால் பல சமயம் சார்ஜ் ஏறாது. ஒயர் மேல் குற்றமில்லை. நான் சொன்னேனே அந்தப் பேச்சுவார்த்தை, அதில் பதில் சொல்ல வேண்டிய சின்னப் பாகத்தை விசிறிக்காரர் மிச்சம் பிடித்திருப்பார். ஒரு பக்கம் பழைய அகலத் தலை உள்ள ஒயரில் போட்டால் சமர்த்தாக ஏறிவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது தென்சென்னைப் புறநகரில் பல தெருக்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அக்கம்பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிய வீட்டு வாசலில் போன்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது யாருக்கும் மறந்திருக்காது. பால் கிடைக்கிறதா என்று கேட்கவும், வெளியூரிலிருக்கும் பிள்ளைக்கு "நாங்கள் பத்திரம்" என்று ஒரு வார்த்தை சொல்லவும் அந்தப் போன்தான். அப்படிப்பட்ட நாளில் ஒரு மணி நேரம் மின்சாரம் வந்து போனால், அந்த ஒரு மணிக்குள் எவ்வளவு சேமிக்கிறோம் என்பதுதான் கணக்கு. 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று 10 வாட்டில் நிரம்ப நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 20 வாட் ஏற்கிற ரகமாக இருந்து, சார்ஜரும் ஒயரும் சரியாக இருந்தால் இரண்டரை மணிக்குள் ஆகிவிடும். மெலிந்த ஒயரானால் இரண்டுமே கைகூடாது. ஐப்பசி பிறந்ததும் உப்பு, மெழுகுவத்தி, தீப்பெட்டி பார்த்து வைக்கிறவர்கள் ஒரு நல்ல ஒயரையும் பவர் பேங்கோடு சேர்த்து பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். அதை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று வீட்டில் ஒரு உத்தரவும் போடுங்கள்.

என்னைக் கேட்டால் சராசரிக் குடும்பத்துக்கு மூன்று போதும். தினசரி உபயோகத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரை மீட்டரில் 60 வாட் ஒயர், 480 மெகாபிட். லாப்டாப்புக்கும் பெரிய போனுக்கும் 5 ஆம்பியர் சில்லு உள்ள ஒன்று. பழைய அகலத் தலை ஒன்று. நாலாவதாக வேக ஒயர், தேவை உள்ளவர்களுக்கு மட்டும். அந்த ஆயிரத்து நானூறில் மூன்றையும் வாங்கி, மாவடுவுக்கும் மிச்சம் பிடிக்கலாம்.

வாங்கிய பிறகு அடையாளம் வைக்காவிட்டால் பழைய சேமியாக் கதைதான். பூத்தையல் நூல் வீட்டில் இருக்கும். 5 ஆம்பியர் ஒயரின் கழுத்தில் சிவப்பு நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். படம் போகிற ஒயருக்கு நீலம். சார்ஜ் மட்டும் ஏறுகிற ஒயருக்குக் கறுப்பு. சொருகும்போதும் எடுக்கும்போதும் தலையைப் பிடித்து எடுக்க வேண்டும். வாலைப் பிடித்து இழுத்தால் கம்பி உள்ளே அறும். சார்ஜரைச் சுற்றி இறுக்கிக் கட்டாமல் உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வாகச் சுருட்டி, தலைமுடிக்குப் போடும் ரப்பர் வளையத்தில் அடக்கினால் போதும்.

இன்வெர்ட்டர் பாட்டரிக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுவது என்று செம்பாக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அது அடுத்த வாரம்.